மீன் பிடித்த இடம்

ஆடிக் காற்று தகரக் கூரைகளைப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்த மாதத்தில் நதியாவுக்குப் புது வேலை கிடைத்தது. செத்த மீன்களுக்கு ஊர்ப்பெயர் எழுதும் வேலை.

பல்லடம் சாலையில் இருந்த பழைய கல்லூரி அது. விலங்கியல் படிக்கப் பிள்ளைகள் வராமல் போனதால் அந்தத் துறையை மூடிவிட்டு, அதே இடத்தில் ஆடை வடிவமைப்பு வகுப்பு தொடங்க இருந்தார்கள். துறையின் பின்னறையில் சுவர் முழுக்க அலமாரிகள். அலமாரி முழுக்கக் கண்ணாடிக் குடுவைகள். கெண்டை, கெளுத்தி, குரவை, ஆரல் என்று நொய்யலிலும் அதில் வந்து சேரும் ஓடைகளிலும் ஒரு காலத்தில் துள்ளியதெல்லாம் மருந்துத் தண்ணீரில் வெளிறி, வாய் திறந்தபடி நின்றன. வெளியூர் அருங்காட்சியகம் ஒன்று இவற்றை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு மீனின் விவரத்தையும் அவர்களுடைய தரவுத்தளத்தில் ஏற்றிய பிறகுதான் வண்டி அனுப்புவார்களாம்.

"டைப்பிங் வேகமா வரும்னு சொன்னாங்க. எக்செல் தெரியுமில்லம்மா?" என்று துறைத் தலைவர் சுபஸ்ரீ கேட்டார்.

"பேக்கிங் செக்சன்ல பார்கோடு அடிச்சிக்கிட்டு இருந்தேன் மேடம். கம்பெனிய மூடிட்டாங்க."

"அதே மாதிரிதான். குடுவைக்குள்ள ஒரு சீட்டு கட்டியிருக்கும். மீன் பேரு, பிடிச்சவர் பேரு, தேதி, பிடிச்ச இடம். பார்த்துப் பார்த்து அடிச்சு வெச்சா, மொத்தமா ஒரே தடவையில அப்லோடு பண்ணிடலாம்."

முதல் குடுவையின் மூடியைத் திறந்த நதியா அதை உடனே திரும்ப மூடினாள். அந்த வாடை. அவள் கணவன் ராஜபாண்டியை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கியபோது, ஊர் போய்ச் சேரும்வரை உடம்பு தாங்க வேண்டும் என்று மருந்து போட்டுக் கொடுத்திருந்தார்கள். சிவகங்கைக்கு அப்பால் இருந்த ஊர்வரை அவள் ஒரு பக்கமும் மாமியார் மூக்கம்மாள் மறுபக்கமுமாக வண்டிக்குள் உட்கார்ந்து அந்த வாடையைத்தான் மூச்சாக விட்டார்கள். போன ஆவணியில் நடந்தது. இப்போது அதே வாடை ஓர் அறை நிறைய இருந்தது.

வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். வேறு வேலை எதுவும் கையில் இல்லை. உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினாள்.

நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அன்று பொழுது சாய வீடு திரும்பியபோது மூக்கம்மாள் வாசலில் குழந்தைகளுக்கான பனியன்களைக் குவித்துப்போட்டுப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தையலில் மிச்சமாகித் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கும் வேலை. மடியிலும் முந்தானையிலும் தலைமுடியிலும் வண்ண வண்ண நூல்கள். கத்தரி சட்டென்று நின்றது. தலையைத் தூக்கி, மருமகளைத் தாண்டி அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"வந்துட்டானா?"

"யாரு அத்தை?"

"வாசம் வருதுல்ல."

நதியா செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். எலுமிச்சை மூடியை வைத்துத் தேய்த்தாள். போகவில்லை. கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சோறு பிசைந்தபோதும் அந்த வாடைதான் மேலே நின்றது.

அன்றிலிருந்து ராஜபாண்டி தினமும் வரத் தொடங்கினான்.

நதியாவின் கண்ணுக்கு அவன் தெரியவில்லை. மூக்கம்மாளுக்குத் தெரிந்தான். பொழுது மசங்கும் நேரத்தில், பக்கத்து வீடுகளில் குக்கர் சத்தம் கேட்கும்போது, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நிற்பானாம். உடம்பெல்லாம் ஈரமாம். செருப்பில்லாத காலாம்.

"உள்ள வாய்யான்னா வரமாட்டேங்கிறான். சோறு போடவான்னா தலைய ஆட்டுறான். என்னன்னுதான் கேட்டுருவோமேன்னு கேட்டேன். 'எங்கிட்டும்மா என்னையத் தேடுறீக?'ங்கிறான்."

"நீங்க நாள்பூரா தனியா இருக்கீக. அதான் ஏதேதோ தோணுது."

"தோணுதா? அந்தா ஈரம் கெடக்கு பாரு."

டிரம்முக்கு அடியில் ஈரம் இருந்தது. டிரம் ஒழுகத்தான் செய்யும். ஆனால் நதியா அந்த ஈரத்தின் மேல் காலை வைக்காமல் சுற்றிப் போனாள். மறுநாளும் அப்படியே போனாள்.

ராஜபாண்டி மணியன் என்பவருடைய சாயப்பட்டறையில் உதவியாள். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டுப் போனவன், மறுநாள் கன்னிமார் தரைப்பாலத்துக்குக் கீழே நொய்யலில் மிதந்தான். பக்கத்தில் ஒரு தூண்டில் கிடந்தது. அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை, மீன் பிடிக்கப் போய்த் தவறி விழுந்திருப்பான் என்று பட்டறையில் சொன்னார்கள். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. சின்ன வயதில் ஊர்க் கண்மாயே கதியென்று கிடந்தவன், மீன் என்றால் உயிரை விடுவான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூக்கம்மாளும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள். "மீனுக்குப் போயிச் செத்தான் எம் மகன்." பட்டறையில் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக் கிடந்த இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஞாயிறு தவறாமல் கறிச்சோற்றுக்கு வீட்டுக்கு வருகிறவன், சாவுக்குப் பிறகு இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

நதியா மட்டும் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அன்று காலை அவன் தலைவாரிக்கொண்டே, "இன்னைக்குச் சாயக்கழிவுத் தொட்டி கழுவுற வேலை, வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கேட்டது அவள் ஒருத்திதான். அவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆடி அமாவாசை நெருங்கியது.

"அந்தப் பாலத்துக்குப் போயி அவனுக்குச் செய்யவேண்டியதச் செஞ்சிருவோம்த்தா," என்றாள் மூக்கம்மாள். "செத்த எடத்துல ஒரு பிடி சோறு வெச்சுக் கூப்பிட்டாத்தான் அடங்குவான்."

நதியா பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

கல்லூரியில் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. சுபஸ்ரீ சொன்னபடி அதுவரை அடித்ததை மொத்தமாக ஏற்றினாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஒரு வரைபடத்தைக் காட்டியது. மீன் பிடித்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி விழ வேண்டும். ஆற்றின் நீளத்துக்கும் குளங்களிலுமாகச் சிதறி விழ வேண்டிய புள்ளிகள் அத்தனையும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. நதியா அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனாள்.

கன்னிமார் தரைப்பாலம்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். குடுவைகளுக்குள் மீன்கள் வெள்ளைக் கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எல்லா மீனையும் யாரோ அந்தப் பாலத்தடிக்கு அனுப்பிவைத்ததுபோல இருந்தது.

சுபஸ்ரீ வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்னம்மா இது? ஒரு கட்டத்தைப் பிடிச்சுக் கீழ வரைக்கும் இழுத்துவிட்டிருக்க. எல்லாத்துக்கும் ஒரே ஊரு விழுந்திருச்சு பாரு."

"நான் இழுக்கல மேடம்."

"பின்ன தானா இழுத்துக்குமா? எதையாச்சும் நெனச்சுட்டே பண்ணியிருப்ப. சரி, விடு. இடமெல்லாம் திரும்பப் பார்க்கணும். பாதிச் சீட்டு வேற அழிஞ்சு கெடக்குது. கிட்டுசாமி சாரைத்தான் வரச் சொல்லணும்."

அந்த மீன்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துச் சேர்த்தவர் கிட்டுசாமி. ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்ட பேராசிரியர். மறுநாள் குடையும் டிபன் கேரியருமாக வந்து இறங்கினார். காது கொஞ்சம் மந்தம். அதனால் அவரே சத்தமாகப் பேசினார்.

"ஏனம்மிணி, எம்பட மீனையெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போயி ஒரே பாலத்துக்கடியில உட்டுப்போட்டயாமா?" என்று சொல்லிச் சிரித்தார். நதியா சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குடுவை குடுவையாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து இடம் சொல்லச் சொல்ல, அவள் அடித்தாள். சில குடுவைகளைக் கையில் எடுத்ததும் சீட்டைப் பார்க்காமலே அவருக்கு நினைவு வந்துவிடும். சிலதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தெரியலீங் கண்ணு, வெறுமனே உட்டுரு" என்பார்.

ஓர் ஆரல் மீன் வந்தது. சீட்டில் இரண்டு இடங்கள் எழுதி, ஒன்றை அடித்திருந்தது.

"இதுல சந்தைன்னும் போட்டிருக்கு சார். எதப் போட?"

"சந்தையப் போடாத. அது மீனு நம்ம கைக்குக் கெடச்ச எடம். பிடிச்ச எடம் வேற. எந்தத் தண்ணியில உசுரோட இருந்துச்சோ அதத்தான் எழுதோணும். இல்லீனா நாளைக்குப் படிக்கறவன் சந்தைக்குள்ள ஆறு ஓடுச்சுன்னு நெனச்சுக்குவான்."

"எந்தத் தண்ணின்னு எப்படித் தெரியும் சார்?"

"வித்தவங்கிட்டக் கேக்கோணும்."

"கேட்டாச் சொல்லிருவாங்களா?"

"எங்க சொல்றான்! அவன் எடத்த நான் பிடிச்சுக்குவேன்னு பயம். அங்கயே நின்னுக்குவேன். வெயிலானாலுஞ் செரி, மழையானாலுஞ் செரி. கடைசியில சொல்லிப்போடுவான்."

நதியாவின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றுவிட்டன. "கன்னிமார் தரைப்பாலத்துல தூண்டில் போட்டா மீன் விழுமா சார்?"

"எங்கீங்க?"

அவள் சத்தமாகத் திரும்பச் சொன்னாள்.

"சாயத்தண்ணி வந்தப்பறம் அங்க ஏது மீனு? வலையப் போட்டா வலைதான் கலரு மாறி வந்துச்சு. அதோட நான் போறதில்லீங் கண்ணு. இப்பத் தண்ணி தெளிஞ்சு ஜிலேபி மீனு கெடைக்குதுங்கறாங்க. நான் பாக்கல. பாக்காததச் சொல்லக்கூடாது." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன் சாமி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார். அடுத்தது சொல்லுங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் கை கழுவவில்லை. நேராக மாமியாருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பனியன் குவியல் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"அத்தை, அமாவாசைக்கு நான் அந்தப் பாலத்துக்கு வரல."

"ஏன்?"

"அவரு அங்க சாகல. அன்னைக்குத் தொட்டி கழுவப் போறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு. நாந்தான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

மூக்கம்மாள் கத்தரியால் ஒரு பிசிறை வெட்டினாள். இன்னொன்றை வெட்டினாள்.

"தெரியும்."

"என்னத்தத் தெரியும்?"

மூக்கம்மாள் எழுந்தாள். உள்ளே போய், பெட்டியின்மேல் ஏறிப் பரணில் கைவிட்டுத் துழாவினாள். பழைய சேலையில் சுற்றிய நீளமான ஒன்றை எடுத்துவந்து நதியாவின் மடியில் போட்டாள். மூங்கில் தூண்டில். கைப்பிடியில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றியிருந்தது. ராஜபாண்டி ஊரிலிருந்து கொண்டுவந்தது.

"அவன் தூண்டிலு இங்கதாண்டி இருந்துச்சு. காரியம் முடிஞ்சு வந்து பாத்தேன். அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீக?"

"என்னன்னு சொல்ல? அந்தச் சாக்கடைக்குள்ள முங்கிச் செத்தான்னா?" மூக்கம்மாளின் குரல் ஏறியது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். "மீனுக்குப் போயிச் செத்தான்னா, தூண்டிலப் போட்டுட்டுக் கொஞ்ச நேரமாச்சும் சந்தோசமா உக்காந்துருப்பான்ல. காத்து அடிச்சிருக்கும்ல. அப்பிடி நெனச்சாத்தாண்டி எனக்குச் சோறு எறங்குச்சு. அதையும் பிடுங்க வந்துட்டியா?"

"நான் பிடுங்கல. அவருதான் தினம் வந்து நிக்கிறாருன்றீகளே. எங்கிட்டுத் தேடுறீகன்னு கேக்குறாருன்றீகளே."

மூக்கம்மாள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் ஆடியது. முந்தானையிலிருந்த நூல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பிறகு டிரம் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அமாவாசைக்கு வெள்ளன எந்திரி. அவன் உசுரு போன எடத்துக்கே போவோம்."

அமாவாசையன்று நதியா சோறாக்கி, வாழைக்காய் வதக்கி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டாள். சாயப்பட்டறை ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரைக்கு மேலே இருந்தது. மூக்கம்மாள் கேட்டுக்கு நேர் எதிரே மண்ணில் உட்கார்ந்து, தலைவாழை இலையை விரித்து, பக்கத்தில் தூண்டிலை வைத்தாள். காற்று இலையைத் தூக்கியது. நதியா நான்கு மூலையிலும் கல் வைத்தாள். வாட்ச்மேன் முதலில் அதட்டிப் பார்த்தான். பிறகு கெஞ்சினான். பிறகு உள்ளே ஓடினான்.

மணியன் படுத்த படுக்கையாகிவிட்டதால் இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்பவள் அவர் மருமகள் இந்துமதி. காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்கம்மா, இதென்னங்க நடுவழியில? உள்ள வாங்க, ஆபீஸ்ல உக்காந்து பேசிக்கலாங்க."

"ஆபீசுக்கு வரல தாயி. எம் மகன் உசுரு போன எடத்தக் காட்டு. ஒரு பிடி சோறு வெச்சுட்டுப் போயிர்றோம்."

"உங்க மகன் ஆத்துலதானுங்களே... அன்னைக்கு அவரு வேலைக்கே வரலீங்கன்னுதான் மாமா சொன்னாங்க."

மூக்கம்மாள் தூண்டிலை எடுத்து இரு கையாலும் நீட்டினாள். "இதான் எம் மகன் தூண்டிலு. எங்க வீட்டுப் பரண்ல இருந்துச்சு. அப்ப ஆத்துல அவன் பக்கத்துல கெடந்தது யாரு தூண்டிலு?"

இந்துமதி தூண்டிலைப் பார்த்தாள். அதைத் தொடவில்லை. "மாமாகிட்டக் கேக்கோணுங்க" என்றாள்.

"கேட்டுட்டு வா தாயி. நாங்க இங்கனதான் இருப்போம்."

வெயில் ஏறியது. காலை வேலை முடிந்தவர்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். கை முழங்கைவரை நீலமும் சிவப்புமாக, ஒடிசாப் பையன்களும் பீகார்ப் பையன்களும் நம்மூர்க்காரர்களும். இலையைக் கண்டதும் முன்னால் வந்தவன் நின்றான். அவனைத் தாண்டி யாரும் வரவில்லை. ஒருவன் இந்தியில் என்னவென்று கேட்டான். ஒருவன் காதில் சொன்னான். கேட்டுக்கு உள்ளே கூட்டம் சேர்ந்து அப்படியே நின்றது.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இசக்கிமுத்து வந்தான். இளைத்திருந்தான். மூக்கம்மாளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அந்தத் தூண்டில நாந்தாம்மா வாங்கிட்டு வந்தேன்."

நதியா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"அவன வெளிய தூக்கிப் போட்டதும் மேஸ்திரி கேட்டாரு, இவனுக்கு என்னடே பழக்கம்னு. மீன்னா உசுருன்னு சொன்னேன். தூண்டில் ஒண்ணு வாங்கிட்டு வான்னு அனுப்புனாரு. எதுக்குன்னு தெரியாமத்தான் வாங்கிட்டு வந்தேன். வந்து பாத்தா வண்டியில அவன ஏத்திக்கிட்டு இருக்காவ." அவன் நதியா பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் நீலமாயிற்று. "வெளிய சொன்னா நானும் உள்ள போவேன்னாவ மதினி. உங்க மொகத்துல எப்படி முழிப்பேன்?"

மூக்கம்மாள் அவனைத் திட்டவில்லை. கையை ஊன்றி எழுந்து, "எங்கிட்டுன்னு காட்டு" என்றாள்.

இசக்கிமுத்து முன்னால் நடந்தான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. இந்துமதி ஆபீஸ் வாசலில் போனைக் காதில் வைத்தபடி நின்றாள். வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொட்டி பின்பக்கம் இருந்தது. இப்போது மேலே இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். இரண்டு பேர் அதைத் தள்ளினார்கள். கீழே கறுப்பாய் அசையாமல் கிடந்தது. பக்கவாட்டில் இரும்பு ஏணி இறங்கி, பாதியில் அறுந்து நின்றது. நதியா இலையைத் தொட்டி விளிம்பில் விரித்துச் சோற்றை வைத்தாள். பாதி வெளியே சிந்தியது. ஒடிசாப் பையன்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

"கடைசியா என்ன சொன்னான்?" என்று மூக்கம்மாள் கேட்டாள்.

"வேண்டாம்மா."

"சொல்லு."

"மயக்கமா வருதுடான்னான். ஏறி வந்துருன்னு கத்துனேன். ஏணியப் பிடிச்சான். பிடிச்சுக்கிட்டு, 'இசக்கி, காலு எட்டலடா'ன்னான். அவ்வளவுதாம்மா."

மூக்கம்மாள் தொட்டி விளிம்பில் முழங்காலிட்டாள். நதியா பதறி அவள் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மூக்கம்மாள் வலது கையை எவ்வளவு தூரம் இறங்குமோ அவ்வளவு தூரம் உள்ளே நீட்டினாள்.

"அம்மா கையப் பிடிச்சுக்கய்யா. எட்டும். எட்டிருச்சு பாரு. ஏறி வா. மெல்ல. மெல்ல வா."

காற்று தகடுகளைத் தட்டிக்கொண்டிருந்தது. மூக்கம்மாள் வெகுநேரம் அப்படியே கிடந்தாள். பிறகு, கனமான எதையோ இழுக்கிறவளைப்போல மூச்சு வாங்கிக்கொண்டு கையை மேலே எடுத்தாள். அந்தக் கனத்தை நதியாவின் கைகளும் உணர்ந்தன. பிற்பாடு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தும் அது மாமியாரின் உடம்புக் கனம் மட்டும்தான் என்று அவளால் சொல்ல முடிந்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீண்ட கதை. இசக்கிமுத்து மறுநாள் நதியாவோடு ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். சொன்னதை எழுத வைப்பதற்கே பலமுறை நடக்க வேண்டியிருந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. கல்லூரி மீன்கள் அதனதன் ஆற்றுக்கும் குளத்துக்கும் பெயர் பெற்று வண்டி ஏறிப் போய்விட்டன.

அன்று மத்தியானம் அவர்கள் திரும்பி வந்தது அரசு டவுன் பஸ்ஸில். கூட்டமாகத்தான் இருந்தது. பின்பக்கம் மூவர் உட்காரும் சீட்டு ஒன்று கிடைத்தது. நதியா ஓரத்தில் உட்கார்ந்தாள். மூக்கம்மாள் ஜன்னல் பக்கம் நகராமல் நடுவில் உட்கார்ந்து, வலது கையை இன்னும் விரிக்காமல் மடியில் வைத்திருந்தாள். ஜன்னலோர இடம் காலியாக இருந்தது.

கண்டக்டர் வந்தார். பெண்களுக்குப் பணமில்லாத டிக்கெட்டுகள் இரண்டைக் கிழித்து நீட்டினார்.

"எம் மகனுக்கு ஒண்ணு குடுய்யா," என்றாள் மூக்கம்மாள். "எங்களுக்குத்தான் ஃப்ரீ. அவனுக்கு டிக்கெட்டு எடுக்கணும்ல."

"ஆளு எங்கீங்கம்மா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கண்டக்டரும் பார்த்தார். பிறகு நதியாவைப் பார்த்தார். நதியா பர்ஸைத் திறந்து காசை எடுத்து நீட்டினாள்.

"பழைய பஸ் ஸ்டாண்டு ஒண்ணு."

அவர் அவள் முகத்தையே பார்த்தபடி இருந்துவிட்டு, ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதற்குள் பின்னால் நின்றிருந்த ஒருவர் காலி இடத்துக்குப் போகக் காலைத் தூக்கினார். கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"அங்க ஆளிருக்குதுங்க. முன்னால போங்க."